நான் கழுவிவிட்ட நீல மணிகள்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கழுவினது நான்தான். யோசனையும் என்னுடையது, கையும் என்னுடையது. ஏறக்குறைய நான்கு வருடம், கிழமைக்கு ஐந்து நாள், மெல்பேர்ணில் ஒரு தொழிற்சாலை முற்றத்தில் சிந்திய பிளாஸ்டிக்கைத் தண்ணீர் அடித்துக் கானுக்குள் தள்ளினேன். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடும் வடிகால். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டினால் எனக்கே என்மேல் மரியாதை இருக்காது. திட்டத்தான் போகிறேன், அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

தொழிற்சாலை நகரத்தின் தென்கிழக்கில், ஸ்பிரிங்வேலில் இருந்து காரில் பத்து நிமிடம். பிளாஸ்டிக் கூடை, வாளி, பெட்டி மூடி என்று வார்க்கிற இடம். தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர்தான் என்னை அங்கே அனுப்பினார்கள். நானும் மனைவியும் ஊரைவிட்டு அகதிகளாகப் படகில் வந்தவர்கள். கையில் பிரிட்ஜிங் விசா, வழக்கு முடியும்வரை தங்கியிருக்கத் தருகிற தற்காலிக விசா. அது முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும், வழக்கு இழுபட இழுபடக் காத்திருக்க வேண்டும். எங்கள் வழக்கைப் பார்க்கிற சட்டத்தரணி ஒவ்வொரு முறையும் கேட்கிற முதல் காகிதம், வேலை கொடுத்தவரின் கடிதம். இந்த ஆள் ஒழுங்காக வேலைக்கு வருகிறார், நல்ல மனிதர் என்று ஒரு வெள்ளைக்காரர் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் நான் நல்ல மனிதன். அந்தக் கடிதத்துக்காகவே நான் ஒருநாளும் பிந்திப் போனதில்லை, காய்ச்சலோடும் போயிருக்கிறேன்.

மூலப்பொருள் பெரிய பைகளில் வரும். உள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மணிகள், ஒவ்வொன்றும் பருப்பு அளவு. வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று பல நிறம். அதில் ஒரு நீலம் இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்காகவே தனியாகச் சொல்லிச் செய்விக்கிற நிறம் அது. கடும் நீலம், வெளிச்சத்தில் பிடித்தால் கொஞ்சம் பச்சை தட்டும். வேறெங்கும் அந்த நிறத்தை நான் பார்த்ததில்லை. பைகளைத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட்டின் முள் பையில் குத்தும், பை கிழியும், மணிகள் முற்றமெல்லாம் கொட்டும். இது ஏதோ விபத்து என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் நடக்கும்.

எனக்கு முன்னால் அந்த முற்றத்தைத் துப்புரவாக்கியவர் தும்புத்தடியால் கூட்டி, தட்டில் அள்ளி, குப்பைத் தொட்டியில் போட்டவர். அவர் போனபின் அந்த வேலை எனக்கு வந்தது. நானும் முதல் கிழமை கூட்டினேன். மணிகள் தும்புக்குள் அகப்படாமல் உருண்டோடும். சக்கரத்துக்கடியில், சுவர் வெடிப்பில், வாசல் படியில் போய் ஒளிக்கும். ஒரு மணித்தியாலம் கூட்டினாலும் முற்றம் எனக்குத் துப்புரவாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கூட்டினது துப்புரவு இல்லை. கழுவினால்தான் துப்புரவு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் மனைவி வாடகை வீட்டுக் குசினியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தண்ணீர் போக வழியில்லாமல் பலகைத் தரை ஊதி, வீட்டு ஏஜென்ட் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. குசினித் தரையில் கான் இல்லாத ஒரு நாட்டை அவள் கற்பனை செய்திருக்கவில்லை.

முற்றத்தில் கான் இருந்தது. மூலையில், இரும்புக் கம்பித் தட்டுப் போட்டு, நல்ல பெரிய கான். இரண்டாவது கிழமை, சுவரில் சுருட்டித் தொங்கிய தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து அடித்தேன். மணிகள் கூட்டமாகச் சேர்ந்து மிதந்து, தட்டின் கம்பிகளுக்குள்ளால் கடகடவென்று இறங்கின. கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. சீமெந்து பளிச்சென்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

உற்பத்தி மேலாளர் கோப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தார். அந்தத் தொழிற்சாலையில் எங்களுக்கு அவர்தான் முதலாளி மாதிரி. "அழகு மேட், அழகு" என்றார். மேட் என்றால் கூட்டாளி, இங்கே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடுத்த மாதம் அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கிற இயந்திரம் ஒன்று வாங்கி வந்தார்கள். எனக்காகவே வாங்கினது என்று சொன்னார்கள். அதற்கடுத்து ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரையும் முற்றத்தில் கூட்டி, சொசேஜ் சுட்டுக் கொடுத்து, எனக்கு ஒரு சேர்ட்டிபிக்கட்டும் தந்தார்கள். 'முற்றத்தைத் தண்ணீரால் துப்புரவாக்கும் புதிய முறையைக் கொண்டுவந்தமைக்கு' என்று அச்சடித்து, கீழே மேலாளர் கையெழுத்து. பக்கத்தில் என் படம். செம்மஞ்சள் மேற்சட்டையோடு நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தண்ணீர் கானை நோக்கிப் போகிறது. தண்ணீரில் நீலம் தெரிகிறது.

எங்கள் வீடுகளில் ஒரு சேர்ட்டிபிக்கட் வந்தால் அதன் இடம் சுவர்தான் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மனைவி அதைச் சட்டம் போட்டு, ஹோலில் முருகன் படத்துக்கும் மணிக்கூட்டுக்கும் நடுவில் மாட்டினாள். இந்த நாடு எங்களுக்கு அதுவரை தந்த காகிதங்கள் எல்லாம் 'மறுக்கப்பட்டது' அல்லது 'பரிசீலனையில் உள்ளது' என்று சொன்னவை. இது ஒன்றுதான் நன்றி என்று சொன்ன காகிதம். வெள்ளிக்கிழமைகளில் சாமிப்படங்களைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க முதல் அதைக் காட்டுவாள்.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லையா? யோசித்தேன். கக்கூஸ் தண்ணீர் போகிற இடத்துக்கே இதுவும் போகும், அங்கே பெரிய தொட்டிகளில் வடிப்பார்கள் என்று நினைத்தேன். இந்த நாட்டில் நாயை நடக்கக் கூட்டிப்போகச் சட்டம் இருக்கிறது. வேலியின் உயரத்துக்குச் சட்டம் இருக்கிறது. ஒரு பிரீம் மீன் அளவில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும். படிவத்தில் ஒரு பெட்டியில் சரி போடாமல் விட்டதற்கு எங்கள் விண்ணப்பம் மூன்று மாதம் கிடந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கானுக்கு வடிகட்டி இல்லாமலா இருக்கும்? எங்கள் ஆட்கள் இந்த நாட்டை நம்புகிற மாதிரி இந்த நாட்டுக்காரரே நம்பமாட்டார்கள்.

கானுக்குப் பக்கத்தில் சீமெந்தில் ஒரு மீன் படம் அடித்திருந்தது. மை மங்கிப்போய், கீழே இரண்டு மூன்று சொற்கள். ஏதோ கம்பனியின் சின்னம் என்று நினைத்தேன். நான்கு வருடமாக அந்த மீனின்மேல்தான் தண்ணீர் அடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூண்டிலோடு மொர்டியாலக் பாலத்துக்குப் போவேன். அங்கே ஓடை ஒன்று கடலில் விழுகிறது. ஒரு ஞாயிறு காலை அளவான இரண்டு பிரீம் கிடைத்தது. வெள்ளைக்காரர் மீனைத் துண்டாக, முள்ளில்லாமல், தோலில்லாமல், பிளாஸ்டிக் தட்டில் வாங்குகிறவர்கள். மீனுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவே வராது. எங்கள் வீட்டில் மீன் முழுசாகத்தான் வரும். மனைவி செதில் சுரண்டி, செவுள் பூவை எடுத்து, வயிறு கீறி, குடலை இழுத்து வெளியே போடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் செய்தாள். நான் ஹோலில் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டாள். "இந்த மீன் என்னத்தைத் திண்டிருக்கு எண்டு பாருங்கோ."

அவளுடைய உள்ளங்கையில் மூன்று நீல மணி. இரத்தத்தைக் குழாயில் பிடித்துக் கழுவிவிட்டுக் காட்டினாள். யன்னல் வெளிச்சம் பட்டது. கொஞ்சம் பச்சை தட்டியது.

"தெரியேல்லை" என்றேன்.

நான் சொன்ன முதல் பொய் அது. அவள் தோளைக் குலுக்கிவிட்டு மணிகளைக் குப்பைக்குள் போட்டாள். மீனை மூன்று தண்ணீரில் கழுவிக் குழம்பு வைத்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லி நான் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள். நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் வேலை முடிந்தபின் கானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அந்தச் சொற்களைக் கையால் துடைத்துத் துடைத்து வாசித்தேன். இந்தத் தண்ணீர் ஓடைக்குப் போகிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. வடிகட்டிக்கு என்று இல்லை, தொட்டிக்கு என்று இல்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் திறந்த வாய்க்கால் ஒன்று போகிறது. அதன் கரையோடு நடந்தேன். அரை மணித்தியால நடையில், மொர்டியாலக்கில் கடலில் விழுகிற அதே ஓடை வந்தது. நாணலின் வேரில், சேற்றில், ஒரு பழைய சப்பாத்துக்குள், எங்கே பார்த்தாலும் என் நீலம். கையால் ஒரு பிடி சேற்றை அள்ளிப் பார்த்தேன், அதற்குள்ளும் இருந்தது. ஒரு தாரா வாத்தும் நாலு குஞ்சும் அதற்குள் கொத்திக்கொண்டு திரிந்தன. சூ சூ என்று துரத்தினேன். தாரா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பவும் கொத்தத் தொடங்கியது.

எங்கள் படகு கடலில் இயந்திரம் நின்று நாள்கணக்கில் மிதந்தது. மனைவி என் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். அந்தக் கடல் எங்களை விழுங்கியிருக்கலாம், விழுங்கவில்லை. கரை சேர்த்துவிட்டது. அதற்கு நான் கொடுத்த கைம்மாறு இதுதானா என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. அழுது முடியக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மேலாளரிடம் போனேன். கானுக்குள் வைக்க ஒரு கம்பிவலைக் கூடை வேண்டும் என்றேன். இரும்புச் சாமான் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற பொருள், நானே பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவர் சிரித்தார். "இவ்வளவு சின்னதுக்கா மேட்? கவலைப்படாதே, அது கரைஞ்சு போகும்" என்றார். பிளாஸ்டிக் கரையுமாம்! முப்பது வருடம் பிளாஸ்டிக் வார்த்த மனிதர் சொல்கிறார். கரைவதாக இருந்தால் உன் வாளியை யார் வாங்குவான் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கடிதம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

நான் தும்புத்தடிக்குத் திரும்பினேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது. மூன்றாம் நாள் அவர் வந்து, ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறாய், இயந்திரம் எதற்கு வாங்கித் தந்தோம் என்று கேட்டார். பிறகு நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் தெருவில் யாரோ வெளியே எறிந்து வைத்திருந்த பழைய யன்னலில் இருந்து, கொசு வராமல் அடித்திருந்த நுளம்பு வலையை வெட்டி எடுத்து, நான்காக மடித்து, கானின் தட்டுக்குக் கீழே கட்டினேன். நன்றாக வேலை செய்தது. ஒவ்வொரு நாளும் ஒரு வாளி அடியளவு மணியை அள்ளிக் குப்பையில் போட்டேன். இரண்டு கிழமை நிம்மதியாக நித்திரை கொண்டேன். பிறகு பெரிய மழை ஒன்று பெய்தது. இலை வந்து வலையை அடைத்தது, முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, அட்டைப் பெட்டிகள் நனைந்தன. மேலாளர் மழைக்குள் வந்து, தட்டைத் தூக்கி, வலையைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தார். தேங்கி நின்ற மணி முழுவதும் ஒரே இழுவையில் உள்ளே போனது. "இனி என் கானில் கை வைக்காதே" என்றார். அவருடைய கானாம்.

அதற்குப் பிறகும் நான் கழுவினேன். இதையும் எழுதத்தான் வேண்டும். எது ஓடைக்குப் போகிறது என்று தெரிந்தும், சொன்னபடி கழுவினேன். இயந்திரத்தைத் தூக்க முதல் கூட்டக்கூடியதைக் கூட்டிவிட்டு, மிச்சத்தை அடித்தேன். எனக்குக் கடிதம் தேவைப்பட்டது.

பிறகு ஓடைக்கரையில் நாயோடு நடக்கிற யாரோ முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் காலை சுற்றாடல் அதிகாரி ஒருவர் வந்தார். ஐம்பது வயதுப் பெண், சேறு பட்ட பூட்ஸ். கானின் தட்டைத் தூக்கச் சொல்லி உள்ளே பார்த்தார், போத்தலில் சேறு எடுத்தார், எங்கள் எல்லோருக்கும் தன் விசிட்டிங் கார்ட்டைத் தந்தார். அவர் பக்கத்தில் மேலாளர் மிகவும் கவலைப்பட்ட முகத்தோடு நடந்தார். அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

பின்னேரம் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு காகிதம், அதன்மேல் ஒரு பேனை. 'கம்பனியின் நடைமுறைக்கு மாறாக, யாரிடமும் கேளாமல், என் சொந்த விருப்பத்தில் மணிகளைக் கானுக்குள் கழுவினேன். இப்போது எனக்குப் பயிற்சி தரப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"உனக்கு ஒன்றும் ஆகாது மேட்" என்றார் மேலாளர். "தெரியாமல் செய்தாய், அவ்வளவுதான். அவர்கள் உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள். எங்களுக்கு உன்னைத் தொடர்ந்து வைத்திருக்கத்தான் விருப்பம். அடுத்த மாதம் உன் விசாவுக்குக் கடிதம் வேண்டும் அல்லவா?"

எவ்வளவு மரியாதையான மிரட்டல் பாருங்கள். குரல்கூட உயரவில்லை. வீட்டில் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். இரண்டு நாள் தந்தார்.

அதில் பாதி உண்மை என்பதுதான் என்னைக் கொன்றது. கழுவத் தொடங்கியது நான். யாரும் சொல்லித் தொடங்கவில்லை. அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு மிச்சப் பொய் முழுவதையும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்கள் உறவுக்கார அங்கிளுக்குப் போன் எடுத்தேன். சிட்னியில் இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் எல்லா விசயத்துக்கும் அவரிடம்தான் கேட்போம். "தம்பி, சைன் வைச்சுப்போட்டுப் பேசாமல் இருங்கோ" என்றார். "இது உங்கட சண்டையில்லை. இந்த வெள்ளைக்காரர் சுற்றாடல் எண்டு கத்திக்கொண்டு திரிவினம். எங்கட ஆக்களுக்கு ஏன் அது?" அவருக்குக் குடியுரிமை கிடைத்து இருபது வருடம். கடலைப் பார்க்கிற பல்கனி வைத்த வீட்டில் இருந்துகொண்டு சொல்கிறார். கடலால் வந்தவன் கடலைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் வேறு யார் அங்கிள் பேசுவது என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அன்று இரவு மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தை, கானை, நுளம்பு வலையை, கடைசியில் மீனை. மீனைச் சொன்னபோதுதான் அவளுடைய முகம் மாறியது.

"உங்களுக்குத் தெரிஞ்சதோ?" என்று கேட்டாள். "நான் கையில வைச்சுக் காட்டேக்கையே தெரிஞ்சதோ?"

"ஓம்."

"தெரிஞ்சும் நான் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ?"

அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். சட்டி பானை எல்லாம் சத்தம் போட்டன. பயந்தாங்கொள்ளி என்றாள், மானங்கெட்ட மனுசன் என்றாள், இன்னும் சில சொற்கள் சொன்னாள், அவற்றை எழுத முடியாது. எல்லாம் எனக்குத் தகும். பிறகு சத்தம் நின்றது. திரும்பி வந்து காகிதத்தை எடுத்து, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். முதியோர் இல்லத்தில் மருந்துத் தாள் வாசித்து வாசித்து அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிடத் திடமாகிவிட்டது.

"நடைமுறைக்கு மாறாக எண்டு போட்டிருக்கு" என்றாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, சேர்ட்டிபிக்கட்டைக் கழற்றினாள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் 'புதிய முறையைக் கொண்டுவந்தமைக்கு நன்றி'. மற்றதில் 'நடைமுறைக்கு மாறாக'. ஒன்றில் மேலாளருடைய கையெழுத்து இருந்தது. மற்றதில் என்னுடையதை வைக்கச் சொன்னார்கள்.

"இதை நான் வெள்ளிக்கு வெள்ளி துடைச்சனான்" என்றாள். "சாமிப்படத்தோட சேத்துத் துடைச்சனான்." "அந்தப் பொம்பிளை தந்த கார்ட் எங்க?"

"விசா?" என்றேன்.

"வந்தால் வரட்டும், வராட்டிப் போகட்டும். ஆனால் செய்யாத வேலைக்குக் கையெழுத்து வைக்கவேண்டாம். செய்த வேலையைச் சொல்லுங்கோ."

அவள் பயப்படவில்லை என்று நினைக்காதீர்கள். என் பைக்குள் இருந்து கார்ட்டை எடுத்து, முருகன் படத்தடியில் ஒருக்கா வைத்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினாள்.

அதிகாரியைச் சந்திக்க அவருடைய அலுவலகத்துக்கே போனேன். போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துத் தந்தார்கள், தமிழ்நாட்டுப் பெண் குரல். நான் முதலில் இருந்து சொன்னேன். நான்தான் தொடங்கினேன், இயந்திரம் அவர்கள் வாங்கினது, வலை நான் கட்டினது, பிடுங்கினது அவர், தெரிந்தபிறகும் நான் கழுவினேன். அதிகாரி எழுதுவதை நிறுத்தி ஏதோ கேட்டார்.

"நீங்க இப்ப சொல்றது உங்களுக்கு எதிராவும் வரலாம்னு சொல்றாங்க" என்றது போன் குரல். "புரியுதுங்களா?"

"ஓம், விளங்குது" என்றேன்.

பையில் இருந்து சேர்ட்டிபிக்கட்டைச் சட்டத்தோடு எடுத்து மேசையில் வைத்தேன். அதிகாரி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் படத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நாலைந்து படம் எடுத்துவிட்டு, சட்டத்தின் கண்ணாடியைத் தன் சட்டைக் கையால் துடைத்துத் திருப்பித் தந்தார்.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் மேலாளரிடம் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. சரி மேட் என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அதுதான் ஏஜென்சி வேலையின் அழகு. யாரும் யாரையும் நிறுத்துவதில்லை, கூப்பிடாமல் விடுவார்கள். ஒவ்வொரு ஞாயிறும் போனில் வருகிற ஷிஃப்ட் தகவல் அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஏஜென்சிப் பெண்ணுக்கு எடுத்தால், இப்போதைக்கு உங்களுக்கு ஒன்றும் இல்லை, வந்தால் சொல்கிறோம் என்று தேனாகப் பேசினாள். கடிதம் கேட்டேன். அதற்கு அவளிடம் இருந்து பதிலே வரவில்லை.

அதிகாரி என்னை ஒன்றும் செய்யவில்லை. கம்பனிக்கு ஏதோ தண்டம் அடித்ததாகக் கேள்வி, எவ்வளவென்று எனக்குத் தெரியாது. ஒருநாள் வேலை தேடிப் போகிற வழியில் காரை நிறுத்தி வேலிக்குள்ளால் பார்த்தேன். கானுக்குள் கம்பிவலைக் கூடை போட்டிருந்தார்கள். நான் கேட்ட அதே கூடை, அதே கடையில் தொங்குவது. செம்மஞ்சள் சட்டை போட்ட புதிய ஆள் ஒருவர் அதை ஒரு கையால் தூக்கி, தொட்டியில் தட்டிக் கொட்டிவிட்டு, திரும்ப வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நிமிட வேலைக்காக நான்கு வருடம் ஒரு ஓடையை நாசமாக்கியிருக்கிறோம். ஸ்டியரிங்கில் கையால் குத்தினேன், கை வீங்கியதுதான் மிச்சம்.

சேர்ட்டிபிக்கட்டை மனைவி திரும்ப மாட்டவில்லை. ஆணி மட்டும் இருக்கிறது. விசா இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. நான் இப்போது ஸ்பிரிங்வேலில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குகிறேன். அந்த வியட்நாமியக் கடைக்காரரிடம் கடிதம் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மொர்டியாலக்குக்குப் போகிறோம். தூண்டில் கொண்டுபோவதில்லை. அவளுடைய மா அரிக்கிற அரிதட்டையும் ஒரு வாளியையும் கொண்டுபோகிறோம். கடல்பாசி ஒதுங்கிக் கிடக்கிற கோட்டில் மணல் அள்ளி அரித்தால் மணல் கீழே விழும், மணி தட்டில் நிற்கும். வெள்ளை, கறுப்பு, நரைத்துப்போனது என்று யார் யாருடையதெல்லாமோ இருக்கும். நீலம் கண்டால் எனக்கு உடனே தெரியும். புட்டுக்கு மா அரித்த கையால் அவள் அலுக்காமல் அரிப்பாள். இப்படி அரித்துக் கடலைத் துப்புரவாக்க முடியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

போன ஞாயிறு, நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்து நின்றார். வயதானவர், நல்ல மனிதர்தான். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "அருமையான வேலை செய்கிறீர்கள்" என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "இதையெல்லாம் யார்தான் செய்கிறார்களோ? வெட்கமே இல்லாத ஆட்கள்" என்றார்.

நான் குனிந்துகொண்டேன். மனைவி அரிதட்டைக் கையில் பிடித்தபடியே எழும்பி நின்றாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, நேராக அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"என் புருஷன்தான் செய்தவர். அவர் பொறுக்க வந்திருக்கிறார். அவரைச் செய்யவைத்து நன்றி சொன்ன ஆள் எங்கே?"

அந்த மனிதர் கடற்கரை நெடுகப் பார்த்தார். எங்களைத் தவிர அங்கே யாரும் இருக்கவில்லை.